இந்த என்ஜின் இந்தக் காருக்குப் பிறந்ததா?

ஒரு வீட்டின் கொட்டகையில் ஒரு பழைய கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா வாங்கிய கார். அப்பா ஓட்டிய கார். அத்தை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போன கார். இப்போது சக்கரத்தில் காற்று இல்லை. பின் சீட்டில் கோழி முட்டை இடுகிறது.

ஒரு நாள் வெளியூரில் இருந்து ஒருவர் வருகிறார். காரை விலைக்குக் கேட்கிறார். நல்ல விலை சொல்கிறார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

வந்தவர் பெயிண்டைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்க்கவில்லை. நேராகப் பானெட்டைத் தூக்குகிறார். டார்ச் விளக்கை அடித்து, என்ஜினின் ஓரத்தில் எதையோ தேடுகிறார். துணியால் துடைக்கிறார். ஒரு காகிதத்தை அதன் மேல் வைத்து, பென்சிலால் தேய்க்கிறார். பிறகு உதட்டைப் பிதுக்குகிறார்.

"என்ஜின் மாறி இருக்கிறது ஐயா! சொன்ன விலையில் பாதிதான் தர முடியும்."

வீட்டுக்காரர் திகைத்து நிற்கிறார். "ஓடுகிற என்ஜின்தானே? அது எதுவாக இருந்தால் என்ன?" என்று கேட்கிறார்.

வந்தவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். விலையைக் குறைக்கச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். எது என்று வீட்டுக்காரரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

முடியும். இரும்பு பேசும். அதன் பேச்சைப் படிக்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

என்ஜினுக்கு ஏன் இந்த மதிப்பு?

டயர் தேயும். பாட்டரி சாகும். சீட்டு கிழியும். கண்ணாடி உடையும். இவற்றை மாற்றினால் யாரும் குறை சொல்வது இல்லை. என்ஜினை மாற்றினால் மட்டும், "அசல் போய்விட்டது" என்று பழைய கார் பிரியர்கள் வருந்துகிறார்கள்.

காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு கார் உருவாகும்போது இரண்டு பொருள்களுக்குத் தனித்தனி எண் உண்டு. ஒன்று, காரின் அடிச்சட்டம் ஆகிய சேசிஸ். மற்றொன்று என்ஜின். நம் வீட்டு ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சேசிஸ் எண் ஒரு கட்டத்தில் இருக்கும். என்ஜின் எண் மற்றொரு கட்டத்தில் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது இன்ன கார் என்று சொல்ல முடியும்.

ஒரு காலத்தில் சேசிஸ் எண்ணே இல்லாத கார்களும் இருந்தன!

அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908-ம் ஆண்டில் 'மாடல் டி' என்ற காரைக் கொண்டுவந்தார். 1927-ம் ஆண்டு வரை அது ஒன்றரைக் கோடி விற்றது. அந்தக் காருக்குப் பெரும்பாலான ஆண்டுகள் ஒரே ஓர் எண்தான். அது என்ஜினில் குத்திய எண். அதுவேதான் காரின் எண். ஆகவே என்ஜினை மாற்றினால் காரின் வயதே மாறிவிடும்! 1915-ம் ஆண்டுக் காரில் 1924-ம் ஆண்டு என்ஜினைப் பொருத்தினால், காகிதத்தில் அது 1924-ம் ஆண்டுக் கார். இப்படிக் காகிதத்தில் இளமை அடைந்த 'மாடல் டி' கார்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காரில் என்ஜின் மாற்றுவது அரை நாள் வேலை என்பதால், பலர் பல தடவை மாற்றினார்கள்.

என்ஜின்கள் ஏன் மாறின? ஆசைக்காக மாற்றியவர்கள் குறைவு. தேவைக்காக மாற்றியவர்களே அதிகம். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். குளிர் நாடுகளில் ரேடியேட்டர் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து பிளாக்கைப் பிளந்திருக்கும். நம் நாட்டிலோ வெளிநாட்டுக் கார்களுக்கு உதிரிப் பாகம் கிடைக்காத காலம் நெடுங்காலம் நீடித்தது. பெட்ரோல் விலை ஏறியதும், பெரிய அமெரிக்கக் கார்களில்கூட டீசல் என்ஜினைப் பொருத்தி ஓட்டினார்கள். அப்படி ஓட்டியவர்கள் மேல் தவறு சொல்ல முடியாது. கார் ஓட வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று நினைத்தார்கள். 50 ஆண்டு கழித்து ஒருவர் டார்ச் விளக்குடன் வருவார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்று சாட்சிகள்

இனி, என்ஜினைச் சோதிக்கும் முறைக்கு வருவோம். அமெரிக்காவின் செவர்லே கம்பெனி 1969-ம் ஆண்டில் செய்த 'கமாரோ' காரை எடுத்துக்கொள்வோம். இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

அந்த ஆண்டுக் கமாரோ கார்கள் சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் உருவாயின. அவற்றில் சுமார் 20 ஆயிரம் கார்கள் மட்டும் 'இசட் 28' என்ற தனி ரகம். பந்தயத்துக்கு என்றே செய்த 302 கன அங்குல என்ஜின் அவற்றில் இருந்தது. இன்றைக்கு எல்லோரும் தேடுவது இந்த ரகத்தைத்தான். சாதாரணக் கமாரோவைவிட இதற்கு விலை பல மடங்கு.

இங்கேதான் வேடிக்கை. 1969-ம் ஆண்டுக் கமாரோவின் கார் எண்ணைப் பார்த்தால், அது இசட் 28-ஆ, சாதாரணக் காரா என்று தெரியாது! எட்டு சிலிண்டர் கார் என்பது மட்டும் தெரியும். பெயர்ப் பலகையை யாரும் ஒட்டலாம். பானெட்டின் மேல் பட்டைக் கோட்டை யாரும் தீட்டலாம். ஆகவே என்ஜினே பெரிய சாட்சி.

அந்த என்ஜினில் மூன்று எழுத்துக்கள் உண்டு. மூன்றும் மூன்று இடத்தில் இருக்கும். மூன்றும் மூன்று வேளையில் பிறந்தவை.

முதல் எழுத்து, வார்ப்பில் பிறந்தது. உருகிய இரும்பை அச்சில் ஊற்றும்போதே அதனுடன் சேர்ந்து புடைத்து நிற்பது. நம் ஊர் வெண்கல அண்டாவில் பெயர் புடைத்திருக்கும் அல்லவா, அதுபோல. இது பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில் இருக்கும். இதில் இரண்டு செய்தி உண்டு. ஒன்று, எந்த அச்சு என்பதைச் சொல்லும் எண். மற்றொன்று, வார்த்த தேதி. தேதியில் மாதத்துக்கு ஓர் எழுத்து. 'ஏ' என்றால் ஜனவரி. 'பி' என்றால் பிப்ரவரி. கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். 'பி 3 9' என்று இருந்தால், 1969-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி அந்த இரும்பு பிறந்தது என்று அர்த்தம்.

1979 ஆகவும் இருக்கலாமே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! கடைசி இலக்கம் மட்டும் இருப்பதால் பத்து ஆண்டு முன் பின் குழப்பம் வரும். அதனால்தான் ஒரு சாட்சியை மட்டும் நம்பக்கூடாது.

அச்சு எண்ணும் அப்படித்தான். 39,70,010 என்பது புகழ்பெற்ற ஓர் அச்சு எண். 1969-ம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த இசட் 28 என்ஜின்களில் அது உண்டு. ஆனால் அதே எண், சாதாரண 350 கன அங்குல என்ஜின்களிலும் உண்டு. 1970-களிலும் அந்த அச்சில் ஏராளமான பிளாக்குகளை வார்த்தார்கள். "அச்சு எண் சரியாக இருக்கிறது, ஆகவே அசல்" என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரியாது என்று பொருள். அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார் என்று பொருள்.

இரண்டாவது எழுத்து, என்ஜினைப் பூட்டிய தொழிற்சாலையில் உளி அச்சால் குத்தியது. இது என்ஜினின் முன்புறம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், ஒரு சிறிய சமதளத்தில் இருக்கும். 'வி 0215 டிஇசட்' என்று இருந்தால் இப்படிப் படிக்க வேண்டும்: 'வி' என்பது பிளின்ட் நகரத்துத் தொழிற்சாலை. 02 என்பது பிப்ரவரி. 15 என்பது தேதி. 'டிஇசட்' என்பதுதான் இசட் 28 காருக்கு உரிய என்ஜின் என்ற அடையாளம்.

மூன்றாவது எழுத்து, கார் உருவான தொழிற்சாலையில் குத்தியது. இது காரின் சொந்த எண்ணின் ஒரு பகுதி. சில வண்டிகளில் அதே சமதளத்தில் இருக்கும். சில வண்டிகளில் ஆயில் பில்டருக்கு மேலே இருக்கும். '19என்' என்று தொடங்கினால், 1 என்பது செவர்லே, 9 என்பது 1969, 'என்' என்பது நார்வுட் தொழிற்சாலை. பின்னால் வரும் ஆறு இலக்கம், காரின் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டின் கடைசி ஆறு இலக்கத்துடன் ஒத்திருக்க வேண்டும். மூன்றிலும் இதுதான் வலுவான சாட்சி. "நான் இந்தக் காருக்கே பிறந்தேன்" என்று என்ஜின் தன் வாயால் சொல்வது இந்த எண்ணில்தான்.

மகனுக்குப் பின் பிறந்த தகப்பன்

இப்போது மூன்றையும் வரிசையாக வையுங்கள். பிப்ரவரி 3-ந் தேதி இரும்பை வார்த்தார்கள். பிப்ரவரி 15-ந் தேதி என்ஜினைப் பூட்டினார்கள். காரின் பானெட்டுக்குள் டிரைவர் பக்கத்துச் சுவரில் ரிவெட் அடித்த ஒரு தகடு உண்டு. அதில் '02டி' என்று இருந்தால், பிப்ரவரி நாலாவது வாரத்தில் கார் உருவானது. சரியாக வருகிறது அல்லவா? முதலில் வார்ப்பு. பிறகு என்ஜின். கடைசியில் கார்.

வார்த்த தேதி ஏப்ரல் என்றும், கார் பிப்ரவரி என்றும் இருந்தால்? மகன் பிறந்த பிறகு தகப்பன் பிறந்த கதைதான்! வேறு எந்தச் சான்றையும் பார்க்க வேண்டியது இல்லை. அந்த என்ஜின் அந்தக் காரில் பிறகு வந்தது.

வார்ப்புக்கும் காருக்கும் நடுவில் சில வாரம், சில மாதம் இடைவெளி இருப்பது இயற்கை. ஓர் ஆண்டு இடைவெளி இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உத்தரவாதக் காலத்திலேயே என்ஜின் கெட்டுப்போய், கம்பெனியே வேறு என்ஜின் கொடுத்த கார்கள் இருக்கின்றன. அந்த என்ஜின்களில் செவர்லே கம்பெனி 'சிஇ' என்ற இரண்டு எழுத்தைக் குத்தியது. இது பிறவி என்ஜின் அல்ல. ஆனால் திருட்டு என்ஜினும் அல்ல. கம்பெனி தத்துக் கொடுத்த பிள்ளை. அந்தக் காலத்துப் பில் இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் அதை மதிக்கிறார்கள்.

பொய் எண் குத்தும் கூட்டம்

இவ்வளவு விலை இருக்கும் இடத்தில் திருடன் சும்மா இருப்பானா?

ஒரு சாதாரண பிளாக்கை எடுக்கிறார்கள். அதன் சமதளத்தில் உள்ள எண்ணைத் தேய்த்து அழிக்கிறார்கள். காருக்குப் பொருத்தமான எண்ணைப் புதிதாகக் குத்துகிறார்கள். பிறகு எண்ணெய் பூசி, அழுக்கு அப்பி, 50 ஆண்டு பழையது போல் ஆக்குகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அது வெகு அழகானது.

பிளாக்கின் மேல்தளத்தைத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் சீவி மட்டப்படுத்தியது. சீப்பால் வாரிய தலையில் கோடு தெரிவது போல, அந்த இரும்பில் மெல்லிய நேர்கோடுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விழுந்தன. எண்ணைக் குத்தியது அந்தக் கோடுகளின் மேல். ஆகவே அசல் சமதளத்தில் எண்ணுக்கு நடுவிலும் சுற்றிலும் அந்தக் கோடுகள் ஓடும். எண்ணைத் தேய்த்து அழித்தவன் கோடுகளையும் சேர்த்து அழித்துவிடுகிறான்! கண்ணாடி போல் பளபளக்கும் சமதளத்தில் எண் மட்டும் நின்றால், அங்கே ரம்பமோ அரமோ வேலை செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதிலும் அவசரப்படக்கூடாது. நேர்மையான மெக்கானிக் ஒருவர், என்ஜினைப் பழுது பார்க்கும்போது மேல்தளத்தை மட்டம் சீவி இருக்கலாம். அப்போது எண்ணும் போயிருக்கும், கோடும் போயிருக்கும். எண் இல்லாத சமதளம் ஓர் ஊமை. ஊமையைப் பொய்யன் என்று சொல்லக்கூடாது. கோடு இல்லாமல் எண் மட்டும் இருப்பதுதான் சந்தேகத்துக்கு உரியது.

எழுத்தின் வடிவத்தையும் பார்ப்பார்கள். தொழிற்சாலைத் தொழிலாளி ஒரு நாளில் எத்தனையோ என்ஜினுக்கு எண் குத்தியவர். அவர் கை அடித்த எண்ணில் ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலோட்டம் இருக்கும். என்ஜின் தொழிற்சாலையில் குத்திய எண்ணும், கார் தொழிற்சாலையில் குத்திய எண்ணும் வேறு வேறு கை. வேறு வேறு அச்சு. இரண்டும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில், அச்சடித்த புத்தகம் போல அழகாக இருந்தால், ஒரே ஆள் ஒரே நாளில் உட்கார்ந்து குத்தியிருக்கிறான் என்று ஐயப்படலாம். அழகே காட்டிக்கொடுக்கும் இடம் இது!

ஏடு பேசும் இடங்கள்

பிரிட்டிஷ் கார்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே பல கம்பெனிகள் நாட்குறிப்பு ஏடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

ஜாகுவார் 'இ டைப்' காரில் ஒரு தகடு உண்டு. சேசிஸ், என்ஜின், கியர்பாக்ஸ், மேல்கூடு எல்லாவற்றின் எண்ணும் அதிலேயே இருக்கும். என்ஜின் எண் பிளாக்கில் ஆயில் பில்டருக்கு மேலேயும், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் இருக்கும். ஜாகுவார் வரலாற்று அறக்கட்டளைக்கு எழுதினால், ஏட்டைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். மாரிஸ், எம்.ஜி. போன்ற கார்களுக்கு கெய்டன் என்ற ஊரில் உள்ள மோட்டார் அருங்காட்சியகம் சான்றிதழ் தருகிறது. அமெரிக்கக் கமாரோக்களிலும், கனடாவில் விற்ற கார்களுக்கு மட்டும் ஜெனரல் மோட்டார்ஸ் கனடா கம்பெனியிடம் ஏடு இருந்தது. அதனால் கனடாவில் விற்ற காருக்குத் தனி மவுசு!

கோர்ட்டுக்குப் போன கார்

என்ஜின் மாறினால் கார் மாறிவிடுமா? லண்டன் ஐகோர்ட்டு இந்தக் கேள்வியை விசாரித்தது.

பென்ட்லி கம்பெனியின் 'ஸ்பீடு சிக்ஸ்' கார் ஒன்று. 'ஓல்டு நம்பர் ஒன்' என்பது அதன் செல்லப் பெயர். பிரான்சில் லெமான்ஸ் நகரத்தில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-ம் ஆண்டிலும், 1930-ம் ஆண்டிலும் முதலாவதாக வந்தது. இரண்டு தடவையும் அதை ஓட்டியவர்களில் ஒருவர், பென்ட்லி கம்பெனியின் தலைவர் பர்னாட்டோ. அப்போது அதில் இருந்தது 6½ லிட்டர் என்ஜின்.

பிறகு அதில் 8 லிட்டர் என்ஜினைப் பொருத்தினார்கள். 1932-ம் ஆண்டில் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அந்தக் கார் சரிவுச் சுவருக்கு மேலே எகிறிப் போய் விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்பீ இறந்தார். பர்னாட்டோ அதை மீண்டும் கட்டச் செய்தார். மேல்கூடும் மாறியது.

1990-ம் ஆண்டில் இந்தக் காரை மிடில்பிரிட்ஜ் என்ற கம்பெனி ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு, "இது பழைய காரே அல்ல. என்ஜின் மாறிவிட்டது. சட்டம் மாறிவிட்டது. எங்களுக்கு வேண்டாம்" என்று பின்வாங்கியது. விற்றவர் வழக்குப் போட்டார்.

நீதிபதி ஓட்டன் காரின் பாகம் பாகமாக வரலாறு கேட்டார். 1929-ம் ஆண்டில் இருந்த பாகங்களில் மிகச் சிலவே மிஞ்சி இருந்தன. ஆகவே, அந்த நாளில் இருந்தபடியே உள்ள அசல் கார் என்று இதைச் சொல்ல முடியாது என்றார். ஆனால் இந்தக் கார் ஒரு நாளும் காணாமல் போகவில்லை, இதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, இந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு கார் இல்லை, ஆகவே 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பெயர் இதற்கே உரியது என்று தீர்ப்புக் கூறினார். வாங்க ஒப்புக்கொண்டவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நமக்கு இந்தத் தீர்ப்பு புதுமையாகத் தோன்றாது. திருவாரூர் ஆழித் தேர் 1926-ம் ஆண்டில் தீப்பிடித்து எரிந்தது. புதுத் தேர் செய்து 1930-ம் ஆண்டில் இழுத்தார்கள். அது வேறு தேர் என்று யாராவது சொன்னார்களா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேர் எரிந்ததை யாரும் மறைக்கவில்லை. ஊர் அறிய எரிந்தது. ஊர் அறியக் கட்டினார்கள். பென்ட்லி காரிலும் எந்த ஆண்டில் எந்தப் பாகம் மாறியது என்று சொல்ல ஆதாரம் இருந்தது. ஆதாரம் இருந்ததால்தான் நீதிபதி அந்தக் காருக்குப் பெயரைக் கொடுத்தார்.

நம் நாட்டுச் சட்டம்

மத்திய அரசு 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார், மோட்டார் சைக்கிள்களுக்கு 'விஏ' என்ற எழுத்துடன் தனி நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5 ஆயிரம் ரூபாய். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். தினசரி வேலைக்கு ஓட்டக்கூடாது.

நல்ல விதி. வரவேற்கிறோம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை: வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். சேசிஸ், மேல்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக்கூடாது.

இங்கேதான் சிக்கல். நம் நாட்டில் 50 ஆண்டு ஓடிய காரில் என்ஜின் மாறாமல் இருப்பது அபூர்வம். அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1957-58-ல் தொடங்கி 2014-ம் ஆண்டு வரை செய்தார்கள். முதலில் வந்தவற்றில் 1,476 சி.சி. பக்கவால்வு என்ஜின். 1959-ம் ஆண்டில் அதை நிறுத்தி, 1,489 சி.சி. மேல்வால்வு என்ஜினைக் கொண்டுவந்தார்கள். பழைய என்ஜினில் இழுவை போதாது என்று, முதல் கார் வைத்திருந்தவர்களும் பிறகு புது என்ஜினுக்கு மாறினார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எண்கூட வேண்டாம். பக்கவால்வு என்ஜினின் தலை தட்டையாக இருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் மேலே வரிசையாக நட்டு வைத்தது போல் நிற்கும். மேல்வால்வு என்ஜினில் தலைக்கு மேல் நீளமான தகரப் பெட்டி போல டேப்பட் கவர் இருக்கும். 1958-ம் ஆண்டு அம்பாசிடரில் டேப்பட் கவர் இருந்தால், என்ஜின் பிறகு வந்தது!

நம் ஊர்க் காருக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-ம் ஆண்டில் இருந்து 'ஹெரால்டு' கார் செய்தது. பிரிட்டிஷ் டிரையம்ப் ஹெரால்டின் தம்பி. 948 சி.சி. என்ஜின். பானெட்டும் முன் மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். என்ஜின் எண்ணைப் பார்க்க இதைவிட வசதியான கார் கிடையாது! அந்தத் தொழிற்சாலை 1988-ம் ஆண்டோடு கார் செய்வதை நிறுத்திவிட்டது. இன்றைக்கு ஒரு ஹெரால்டு கார்க்காரர் யாரிடம் போய்ச் சான்றிதழ் கேட்பார்?

அவருக்கு மிஞ்சி இருக்கும் ஆதாரம் ஒன்றுதான். கார் முதலில் பதிவான ஆர்.டி.ஓ. ஆபீசின் பழைய பதிவேடு. அதில் அந்தக் காலத்து எழுத்தர் மையால் எழுதிய என்ஜின் எண். கம்ப்யூட்டரில் ஏற்றியபோது எண் தவறி இருக்கலாம். பிறகு என்ஜின் மாறியபோது புது எண் மட்டும் ஏறி, பழைய எண் மறைந்திருக்கலாம். ஆனால் முதல் ஏட்டில் முதல் எண் இருக்கும்.

ஆகவே அரசாங்கத்துக்கு நாம் சொல்வது இது. கரையான் அரிக்கும் முன் அந்தப் பழைய பதிவேடுகளைப் படம் பிடித்துக் காப்பாற்ற வேண்டும். சொந்தக்காரர் கேட்டால், கட்டணம் வாங்கிக்கொண்டு முதல் பதிவின் நகல் கொடுக்க வேண்டும். 'விஏ' நம்பர் கொடுக்கும்போது, இப்போது உள்ள என்ஜின் எண்ணுடன், முதலில் இருந்த என்ஜின் எண்ணையும் எழுத ஒரு கட்டம் வேண்டும். மாறியிருந்தால் "மாறியது" என்று எழுதலாம். என்ஜின் மாறிய ஒரே காரணத்துக்காக ஒரு காரை விதி வெளியே தள்ளினால், சொந்தக்காரர் என்ன செய்வார்? உண்மையைச் சொன்னால் நம்பர் இல்லை, பொய் எண் குத்தினால் நம்பர் உண்டு என்று ஆகிவிடும். பொய் எண் குத்தும் கூட்டத்துக்கு அரசாங்கமே வேலை தேடிக் கொடுத்தது போல் ஆகும்.

வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும்

கொட்டகையில் கார் வைத்திருப்பவர்களே! டார்ச் விளக்குக்காரர் வரும் முன் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என்ஜின் எண் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளோ, அரமோ, கம்பி பிரஷோ பக்கத்தில் வரக்கூடாது. நாம் மேலே சொன்ன மெல்லிய கோடுகள் போய்விட்டால், அசல் எண்ணே பொய் எண் போலத் தோன்றும். பழைய என்ஜின் கழற்றி மூலையில் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அது ஓடாவிட்டாலும் பரவாயில்லை. காரோடு சேர்த்து விற்றால், அந்தத் துருப்பிடித்த கட்டைக்கே தனி விலை உண்டு.

வாங்குகிறவர்கள், ஆர்.சி. புத்தகத்தையும் என்ஜினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. எண் ஒத்துவராவிட்டால் அது வெறும் விலைப் பிரச்சினை அல்ல. பெயர் மாற்றம் நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் நிற்கும். என்ஜின் திருட்டு வண்டியில் இருந்து வந்ததாக இருந்தால், போலீஸ் நிலையத்துக்கு அலைய வேண்டியவர் நீங்கள்தான். என்ஜினை மாற்றியவர்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் குறித்திருக்க வேண்டும். குறித்திருந்தால் கவலை இல்லை.

எண்ணைப் படி எடுப்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலைதான். காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடி இருப்பீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் சேசிஸ் எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட் கேட்பது இதைத்தான். மெல்லிய காகிதம், கூர்மை இல்லாத பென்சில் போதும். சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் எண்ணும் வரும், சமதளத்தின் கோடும் வரும். சேசிஸுக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று எடுங்கள். காகிதத்தின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதுங்கள். தாத்தா காலத்து மெக்கானிக் பில், வரி கட்டிய ரசீது, கல்யாண ஊர்வலத்தில் எடுத்த போட்டோ, எது கிடைத்தாலும் அத்துடன் சேர்த்து ஒரு பையில் போட்டு ஆர்.சி. புத்தகத்துடன் வையுங்கள். கோழியை மட்டும் பின் சீட்டில் இருந்து இறக்கிவிடுங்கள்.